கையில் குத்திய பச்சையை லேசரால் அழிக்கலாமா? வன்னியில் இருப்பவருக்கான ஓர் ஒப்பீடு

கிளிநொச்சி நகரில் ஒரு மருந்தகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பிரஷர் குளிசைக்கும் இருமல் பாணிக்கும் வருகிறவர்களுக்கு இடையில், மாதத்தில் இரண்டு மூன்று பேராவது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "பச்சை அழிக்கிற கிறீம் ஏதும் இருக்கோ?" என்று கேட்பார்கள். அப்படியொரு கிறீம் இல்லை என்று சொல்லி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது என்றே நீண்ட காலம் இருந்துவிட்டேன். என் பெறாமகன் அதே கேள்வியோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது அப்படி அனுப்பிவிட முடியவில்லை.

அவனுக்கு வயது 24. வலது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டில் இருந்து நான்கு விரற்கடை மேலே, ஒரு பெண்ணின் பெயர் கறுப்பு எழுத்தில் இருக்கிறது; அதன் அருகே சிவப்பில் ஓர் இதயம். ஒரு திருவிழாக் கடையில் இயந்திரத்தால் குத்திக்கொண்டது. "சித்தப்பா, லேசர் அடிச்சால் ஒரு மாதத்திலை போயிடுமாம். ஏஜென்சிக்காரர் கையிலை ஒண்டும் இருக்கக் கூடாதெண்டு சொல்லுறார். ஐப்பசியிலை நான் வேலைக்குப் போகவேணும்" என்றான். அப்போது வைகாசி.

அவனுக்குப் பதில் சொல்வதற்காக நான் வாசித்ததையும், தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் கேட்டறிந்ததையும், பின்னர் அவனுடன் கூடப்போய்ப் பார்த்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லன். ஆனாலும் இத்தகைய முடிவை எடுக்கிறவர் பெரும்பாலும் "எவ்வளவு முடியும்?" என்ற கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறார் என்பதையும், அந்தத் தொடக்கமே பிழையானது என்பதையும் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். மையின் நிறம் என்ன, நமது தோல் எப்படி ஆறுகிறது, கையில் எத்தனை மாதங்கள் இருக்கின்றன என்ற மூன்றையும் பார்த்த பிறகே விலையைக் கேட்கவேண்டும்.

லேசர் என்ன செய்கிறது

ஊசி மையை மேல் தோலில் விடுவதில்லை. அதைத் தாண்டி உள் தோலில் இறக்குகிறது. மேல் தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும், உள் தோல் அப்படி உதிராது. அங்கே நமது உடலின் தின்குழியங்கள் எனப்படும் காவற் கலங்கள் மைத் துணிக்கைகளை அந்நியப் பொருள் என்று கண்டு விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவற்றால் அதைச் சமிக்கவும் முடியாது, தூக்கிக்கொண்டு வெளியேறவும் முடியாது, ஏனெனில் துணிக்கைகள் அளவில் பெரியவை. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018 இல் எலிகளில் காட்டியது இன்னும் சுவையானது: மையைச் சுமக்கும் கலம் இறந்து மை வெளியே கொட்டுப்பட்டால், அடுத்து வரும் கலம் அதே இடத்தில் அதை விழுங்கிக்கொள்கிறது. ஒரு காவற்காரன் ஓய்வு பெற்றுப் போக, அடுத்தவன் அதே மூட்டையைப் பொறுப்பேற்பதைப் போன்றது இது. பாட்டியின் கையில் அறுபது வருடத்துக்கு முன் குத்திய புள்ளிக்கோலம் இன்றும் இருப்பதற்கு இதுவே காரணம்.

லேசர் அந்தத் துணிக்கைகளை உடைக்கிறது. மை உறிஞ்சக்கூடிய அலைநீளத்தில், வெப்பம் சுற்றியுள்ள சதைக்குப் பரவுவதற்கு முன்பே முடிந்துவிடும் அளவு குறுகிய துடிப்பாக ஒளியைப் பாய்ச்சினால் மை மட்டும் சிதறும், தோல் பெரும்பாலும் தப்பும் என்ற கோட்பாட்டை அண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் 1983 இல் வெளியிட்டார்கள். கியூ சுவிட்ச் எனப்படும் இயந்திரங்களின் துடிப்பு நனோ விநாடிக் கணக்கில் இருக்கும். ஒரு நனோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதைவிடக் குறுகிய துடிப்புக் கொண்ட பிக்கோ இயந்திரங்களுக்கு அமெரிக்காவில் 2012 இன் இறுதியில் அனுமதி கிடைத்தது. உடைந்த துகள்களைப் பிறகு உடல்தான் நிணநீர் வழியாக அகற்றவேண்டும். அதில் ஒரு பங்கு நிணநீர்க் கணுக்களிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே "லேசர் அழிக்கிறது" என்று நாம் சொன்னாலும், அது உடைத்துக் கொடுப்பதோடு சரி, அள்ளிக்கொண்டு போகும் வேலை நமது உடலுடையது. அந்த வேலைக்கு நாள் எடுக்கும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் விடச் சொல்வதன் காரணம் இதுதான். "வாராவாரம் வாங்கோ, கெதியாய் முடிச்சுத் தாறம்" என்று ஓர் இடத்தில் சொன்னால், அங்கே ஏறிய படியாலேயே இறங்கிவிடுவது நல்லது.

எத்தனை தடவை என்பதற்கு நான் கண்ட நேர்மையான விடை, இத்தாலியில் 352 பேரைப் பின்தொடர்ந்து 2012 இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. கியூ சுவிட்ச் லேசரில் 10 தடவைக்குப் பிறகு வெற்றிகரமாக நீங்கியது 47.2 வீதத்தினருக்கு; 15 தடவைக்குப் பிறகு 74.8 வீதத்தினருக்கு. அதாவது பத்துத் தடவை போய் வந்த பிறகும் பாதிக்கு மேற்பட்டோரின் தோலில் மை மிஞ்சியிருந்தது. புகைப்பிடித்தல், கறுப்பும் சிவப்பும் அல்லாத நிறங்கள், 30 சதுர சென்ரிமீற்றரை விடப் பெரிய உருவம், காலிலும் பாதத்திலும் இருப்பது, எட்டு வாரத்துக்கோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி விடுவது ஆகியன பலனைக் குறைத்தன. பிக்கோ இயந்திரத்தில் தடவைகள் குறையலாம்; ஆனால் ஒரு மாதத்தில் முடியும் என்று எந்த இயந்திரத்தை வைத்தும் சொல்ல முடியாது. வீட்டில் தையல் ஊசியாலும் விளக்குக் கரியாலும் குத்திய பச்சை இதற்கு விலக்கு. அதில் மை குறைவு, கரி மட்டுமே இருக்கும். தொழில்முறை இயந்திரத்தால் குத்தியதை விட மிகக் குறைந்த தடவைகளில் அது வெளிறிவிடும்.

நமது நிறத் தோலும் மையின் நிறமும்

வெள்ளைக்காரரின் கையில் எடுத்த "முன், பின்" படங்களைப் பார்த்து நமது கையை எடைபோடுவதே இங்கே நடக்கும் முதற்பிழை. தோலை நிறத்தையும் வெயிலுக்கு அது காட்டும் மாற்றத்தையும் வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் பிற்ஸ்பற்றிக் அளவுகோலில் நம்மவர் பெரும்பாலும் நான்கில் இருந்து ஆறு வரையான வகைகளில் வருகிறோம். நமது மேல் தோலில் மெலனின் நிறமி அதிகம். லேசர் ஒளி மையை அடையும் முன் அந்த நிறமியைக் கடக்கவேண்டியிருக்கிறது. அலைநீளம் குறுகக் குறுக நிறமி அதை அதிகமாக உறிஞ்சும். எனவே கருந்தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர். அது கறுப்பு மைக்கும் கடும் நீல மைக்கும் நன்றாக வேலை செய்யும். நல்ல காலமாக நம் ஊரில் குத்தும் பச்சைகளில் பெரும்பகுதி கறுப்புத்தான்.

சிக்கல் சிவப்பில் தொடங்குகிறது. சிவப்பு மையை உடைப்பதற்கு 532 நனோமீற்றர் வேண்டும். அதே அலைநீளத்தை நமது மெலனினும் விரும்பி உறிஞ்சிக்கொள்ளும். மை போகும் முன் தோலின் நிறம் போய், இதயம் இருந்த இடத்தில் இதய வடிவிலேயே ஒரு வெண்தழும்பு மிஞ்சலாம். அது மாதக்கணக்கில் மெல்ல நிறம் திரும்பலாம், திரும்பாமலே போகவும் கூடும். பச்சை நிற மை, வெளிர்நீல மை ஆகியவற்றுக்கு 694 அல்லது 755 நனோமீற்றர் லேசர் பயன்படுகிறது. அதுவும் நமது தோலுக்கு இடர் கூடியதே. மஞ்சள் மிகவும் பிடிவாதமானது. வெள்ளை, தோல் நிறம், இளஞ்சிவப்பு ஆகிய மைகளில் தைத்தேனியம் ஒட்சைட்டோ இரும்பு ஒட்சைட்டோ இருந்தால் லேசர் பட்டவுடன் அவை கறுத்துப்போகக்கூடும். அழிக்கப் போனவர் கூடுதலான கறுப்போடு வருவார். இதனால்தான் முழுவதையும் தொடுவதற்கு முன் ஓர் ஓரத்தில் சிறு புள்ளியளவு பரிசோதித்து, சில வாரங்கள் பொறுத்திருந்து பார்க்கவேண்டும் என்கிறார்கள். சிவப்பு மை இருக்கும் இடம் முன்பே சொறிந்து தடித்திருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. அங்கே லேசர் மையைச் சிதறடித்தால் ஒவ்வாமை உடல் முழுவதும் கிளம்பக்கூடும் என்பதால், நிபுணர் பார்க்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

வன்னியில் இன்னொன்று இருக்கிறது, வேறு ஊர்க் கட்டுரைகளில் இது வராது. இங்கே ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட பலரின் உடலில் ஷெல் காயமோ தீக்காயமோ ஏதாவது ஒரு தழும்பு இருக்கும். வைத்தியர் "உங்களுக்குத் தழும்பு எப்படி வரும்?" என்று கேட்டால், வேறு நாட்டவர் யோசிப்பார், நாம் சட்டையைத் தூக்கிக் காட்டலாம். ஆறிய காயம் தட்டையாகக் கோடு போலக் கிடக்கிறதா, அல்லது காயத்தின் எல்லையையும் தாண்டித் திரண்டு, பளபளத்து, மழைக்காலத்தில் அரிக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கெலோயிட் எனப்படும் மிகைத் தழும்பாக இருக்கலாம். காயம் எதுவும் இல்லாதவர் பிறந்தவுடன் இடது கையில் போட்ட பிசிஜி ஊசியின் அடையாளத்தைப் பார்க்கலாம். அது திரண்டு வளர்ந்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. கெலோயிட் வரும் உடம்பில், முக்கியமாக நெஞ்சு, தோள், மேல் முதுகு ஆகிய இடங்களில், லேசருக்கும் சத்திரசிகிச்சைக்கும் முன் இருமுறை யோசிக்கவேண்டும்.

குண்டு வெடித்தபோது தோலில் புதைந்த கருநீலப் புள்ளிகளைச் சிலர் முகத்திலும் கையிலும் இன்றும் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தில் அதையும் ஒருவகைப் பச்சை என்றே கொள்கிறார்கள், லேசரால் அது குறையும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் புள்ளியில் இருப்பது மண்ணா, கரியா, எரியாத வெடிமருந்தா என்பது முக்கியம். வாணவெடித் துகள் புதைந்த தோலில் லேசர் பட்டபோது துகள்கள் பற்றி வெடித்துச் சிறு குழிகளாகத் தழும்பு விழுந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆகவே புள்ளி எப்படி வந்தது, உடலில் வேறு துண்டுகள் எங்கே இருக்கின்றன என்பதை, கேட்காவிட்டாலும், வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.

மற்ற வழிகள்

முதலில், செய்யவே கூடாத வழியை முடித்துவிடுகிறேன். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துப் பூசுவது, உப்பு வைத்துத் தேய்ப்பது, மரமுந்திரிகைக் கோதின் பாலைத் தடவுவது, இணையத்தில் விற்கும் அமிலக் கிறீம் வாங்குவது எல்லாம் ஒரே வகை: தோலைப் பொசுக்கி, அதோடு சேர்த்து மையும் போகட்டும் என்பது. பச்சை அழிக்க இத்தகைய பூச்சுகளை ஆறாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மொழியில் எழுதிவைத்த ஏட்டியஸ் என்ற வைத்தியர் காலத்தில் வேறு வழி இல்லை, நமக்கு இருக்கிறது. முந்திரிகைக் கோதுப் பால் பட்டுக் கொப்புளித்த சிறுவர்களை முல்லைத்தீவுப் பக்கத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கொப்புளம் மை இருக்கும் ஆழத்தை எட்டினால் தழும்பு நிச்சயம், எட்டாவிட்டால் மை நிச்சயம். அழகுநிலையங்களில் முடி அகற்ற வைத்திருக்கும் ஐபிஎல் ஒளி இயந்திரமும் இதே பட்டியலில் சேரும். அதன் துடிப்பு மில்லி விநாடிக் கணக்கில் நீள்வதால் மை சூடேறிச் சுற்றியுள்ள சதையையும் சுட்டுவிடும். அப்படி ஓர் இடத்தில் காசு கொடுத்துச் சுட்டுக்கொண்டு, மறுநாள் கையில் நீர் கட்டிய கொப்புளங்களோடு எங்கள் கடைக்கு வந்த ஒரு பிள்ளைக்கு, மருந்து விற்காமல் வைத்தியசாலைக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மேலே வேறொன்று குத்தி மறைப்பது இளைஞர்களுக்கு முதலில் தோன்றும் வழி. ஒரே நாளில் முடியும் என்பது அதன் பலம். ஆனால் பழையதை மூடப் புதியது அதைவிடக் கடுமையாகவும் இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் இருக்கவேண்டும். நமது தோலில் கறுப்பைத் தவிர எந்த நிறமும் மூடும் அளவுக்கு எடுபடாது. நாளைக்கு அதுவும் வேண்டாம் என்றால் இரட்டை மையை அழிக்கவேண்டிவரும். ஊசி புதிதாகப் பொதி பிரிக்கப்படாவிட்டால் ஈரல் அழற்சி பி, சி, எச்ஐவி ஆகியன தொற்றும் இடரும் இருக்கிறது. பெயரில் மட்டும் சங்கடம், பச்சையில் சங்கடமில்லை என்பவருக்கு, இரண்டு மூன்று தடவை லேசரால் வெளிறச் செய்துவிட்டுப் பிறகு சிறியதொன்றால் மூடுவது இரண்டின் நடுவே ஒரு நல்ல வழி.

வெட்டி எடுத்துத் தைப்பதை யாரும் நினைப்பதில்லை. வன்னியில் இருப்பவருக்கு, சிறிய பச்சை என்றால், லேசரை விட இதுவே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். ஒரு சென்ரிமீற்றர் அகலமான எழுத்தை விறைப்பு மருந்து போட்டுக் கண் வடிவில் வெட்டி எடுத்துத் தைப்பார்கள். வெட்டின் நீளம் அகலத்தின் மூன்று மடங்கு வரை வரும், ஆகவே மூன்று சென்ரிமீற்றர் கோடொன்று மிஞ்சும். மை மீதியின்றிப் போய்விடும், நிறம் எதுவானாலும் கவலையில்லை, போவது ஒரே தடவை. கையில் போட்ட தையலை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஊரிலேயே வெட்டிவிடலாம். ஒரு பெயருக்குப் பதில் ஒரு கோடு. கேட்பவருக்குக் கத்தி பட்டது என்று சொன்னால் இங்கே யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். கெலோயிட் உடம்புக்கும் பெரிய உருவத்துக்கும் இது ஆகாது. அரச வைத்தியசாலையில் இதை அழகுக்கான சத்திரசிகிச்சை என்று பின்தள்ளக்கூடும். தோல் நோய்க் கிளினிக்கில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை.

அப்படியே விடுவதும் ஒரு தெரிவு. நீளக்கைச் சட்டை, மணிக்கூட்டுப் பட்டி, தோல் நிறப் பூச்சு ஆகியவற்றால் ஒரு கல்யாண நாளைக் கடந்துவிடலாம். கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும் என்பதால் மேற்கையிலும் நெஞ்சிலும் இருப்பது தெரியும். தெரிந்தால்தான் என்ன என்று கேட்கும் தைரியம் வயது போகப் போக வரும். வேலைக்காக அழிக்க நினைப்பவர், முகவர் வாயால் சொல்வதை நம்பாமல், வேலை கொடுப்பவரின் விதியை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். எந்த இடத்தில் இருந்தால் ஆகாது, எவ்வளவு இருந்தால் ஆகாது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது.

தூரமும் வெயிலும் காசும்

கிளிநொச்சியில் இருந்து கொழும்பு ஏ9 வழியாக ஏறக்குறைய 330 கிலோமீற்றர். பத்துத் தடவை போய் வந்தால் 6600 கிலோமீற்றர். எட்டு வார இடைவெளியில் பத்துத் தடவைக்கு 72 வாரம், அதாவது ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பதினைந்து தடவை என்றால் 112 வாரம். சிகிச்சைக் கட்டணம் உருவத்தின் அளவையும் இயந்திரத்தையும் பொறுத்தது. அதோடு பஸ் கட்டணம், சாப்பாடு, இரவு தங்கினால் அறை வாடகை, போகும் ஒவ்வொரு தடவையும் இழக்கும் இரண்டு நாட் சம்பளம் ஆகியவற்றைக் கூட்டி, வரும் தொகையைத் தடவைகளால் பெருக்கிப் பார்க்கவேண்டும். நாட்கூலிக்காரருக்குப் பத்துத் தடவை என்பது இருபது நாள் உழைப்பு. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தகுந்த இயந்திரமும் தோல் வைத்திய நிபுணரும் இருக்கும் இடம் கிடைத்தால் இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும். முதலில் அங்கே விசாரித்துவிட்டே இரவு பஸ்ஸுக்குச் சீட்டுப் போடவேண்டும்.

பெறாமகனின் முதல் தடவைக்கு நான் கூடப் போனேன். இரவு பஸ், விடியக் கொழும்பு. விறைப்புக் கிறீம் பூசிப் பொலித்தீன் தாளால் மூடி ஒரு மணி நேரம் இருத்தினார்கள். அறைக்குள் எல்லோருக்கும் கண்ணாடி. அந்த ஒளி நேரே பட்டால் கண் போய்விடும். பிறகு "டிக், டிக்" என்று சத்தம், மயிர் பொசுங்கும் மணம், ஒவ்வொரு எழுத்தும் அரிசிமாவால் கீறிய கோலம் போல வெள்ளையாக எழும்பியது. "தாளிக்கேக்கை கடுகெண்ணெய் தெறிக்கிற மாதிரி இருக்கு சித்தப்பா" என்றான். வெள்ளை நிறம் இருபது நிமிடத்துக்குள் அடங்க, கறுப்பு முன்பிருந்தபடியே இருந்தது. அவன் முகம் விழுந்துபோனது. லேசர் அடித்த நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. பஸ்ஸில் இருந்த நேரம் போகவர பதினைந்து மணித்தியாலம். மறுநாள் இரண்டு கொப்புளம் வந்தது, அது வழக்கமானது. குத்தாமல் வசிலின் பூசி மூடிவைக்கச் சொன்னார்கள், அப்படியே ஆறியது.

ஆறும் காலத்தைப் பற்றி வன்னியில் சொல்லவேண்டியது இன்னும் உண்டு. வெயிலில் கறுத்த தோலில் லேசர் அடித்தால் நிறம் கெடும் இடர் கூடும். அடித்த பிறகும் வெயில் படக் கூடாது. வயலிலும் கடலிலும் வேலை செய்கிறவருக்கு இது வாயால் சொல்வதைப் போல எளிதில்லை. மழைக்காலத்தில் வெயில் குறைவு என்று காலபோக விதைப்போடு தொடங்கினால், ஆறாத புண்ணோடு சேற்றில் இறங்கவேண்டிவரும், எலிக்காய்ச்சல் நுழைவது அந்த வழியால்தான். காலில் பச்சை உள்ள கமக்காரர் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் வயலில் கால் வைக்காமல் இருக்கக்கூடிய இரண்டு வாரத்தைத் தேர்ந்து நாள் குறிக்கவேண்டும். காலில் இரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் மந்தம் என்பதால் தடவைகளும் கூடும். என்னைக் கேட்டால், காலில் இருப்பதைச் சாரத்துக்குள் விட்டுவிடலாம்.

கிளினிக்கில் கேட்கவேண்டியவை பல இருந்தாலும் சிலவற்றை விடவே கூடாது. இயந்திரத்தில் 1064 அலைநீளம் இருக்கிறதா, லேசரைப் பிடிப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்த வைத்தியரா அல்லது அவருடைய மேற்பார்வையிலாவது நடக்கிறதா, 2006 இன் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இடம் பதிவாகியிருக்கிறதா, நம்மைப் போன்ற நிறமுடையவரின் படங்களைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். "எத்தனை தடவை?" என்பதற்குக் கையைத் தொட்டுப் பார்க்காமலே ஓர் எண் சொன்னால் நம்பவேண்டாம். நீங்களும் மறைக்கக் கூடாதவை உண்டு: முகப்பருவுக்குக் குடிக்கும் ஐசோரெற்றினொயின், கட்டுப்படாத சலரோகம், கர்ப்பம், நிறம் வெளுக்கப் பூசும் கிறீம். இந்தக் கடைசியை எவரும் சொல்வதில்லை. அவற்றில் பலவற்றில் ஸ்ரீரொயிட் கலந்திருப்பதும் அது தோலை மெலிவிப்பதும் கடையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இப்படி வருகிறது. கறுப்பு மை, கையிலோ மேலுடம்பிலோ இருப்பது, தட்டையாக ஆறும் தோல், ஒன்றரை வருடப் பொறுமை என்ற நான்கும் சேர்ந்தவருக்கு லேசர் தகும். விரல் நகமளவு எழுத்துக்கும், நாள் நெருங்கிய பயணத்துக்கும் வெட்டித் தைப்பது தகும். பல நிறப் பெரிய உருவத்துக்கு நமது தோலில் லேசர் முழுப் பலன் தராது; வெளிறச் செய்து மூடுவதோ விட்டுவிடுவதோ நல்லது. கெலோயிட் உடம்புக்காரர் நிபுணரின் சொல் இல்லாமல் எதையும் தொடவேண்டாம்.

என் இடது கையிலும் ஒன்று இருக்கிறது. 2009 இல் செட்டிகுளம் முகாமில், தையல் ஊசியால், விளக்குக் கரி தொட்டு நானே குத்தியது. அண்ணனின் பெயரின் முதலெழுத்து. நான் மேலே எழுதிய அளவுகோல்களின்படி லேசருக்கு இதைவிட இலகுவான பச்சை கிடைக்காது, மூன்று நான்கு தடவையில் போய்விடும். நிபுணர் அதைப் பார்த்துவிட்டு "இதையும் எடுக்கவேணுமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அண்ணனின் மகனுடைய கதை வேறு விதமாகத் திரும்பியது. முகவரை எழுத்தில் கேட்கச் சொன்னபோது, முகம், கழுத்து, மணிக்கட்டுக்குக் கீழ் ஆகிய இடங்களில் மட்டும் இருக்கக் கூடாது என்று பதில் வந்தது. அவனுடைய பச்சை மணிக்கட்டுக்கு மேல். அவசரம் அங்கேயே தீர்ந்தது. அப்படியென்றால் விடலாமே என்றேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்றான். ஆகவே பயணத்தை மாசி மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, கறுப்பு எழுத்துகளை மட்டும் 1064 இல் செய்வது, சிவப்பு இதயத்தைத் தொடாமல் விடுவது, பயணத்துக்கு முன் கிடைக்கும் தடவைகளில் பெயர் வாசிக்க முடியாத அளவுக்கு வெளிறினால் போதும் என்று பேசி முடிவெடுத்தோம். இதுவரை மூன்று தடவை போயிருக்கிறான். நடு எழுத்துகள் சாம்பல் நிறமாகிவிட்டன. முதலெழுத்து இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். அண்ணி நம்பவில்லை.